நீலப் புள்ளியை நம்பிக் கல் நடாதே கண்ணு

வா கண்ணு, வா. செருப்பை அங்க விட்டுட்டுத் திண்ணையில உக்காரு. காலையில இருந்து போனை மூஞ்சிக்கு நேராத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வரப்பு மேல மெல்ல மெல்ல நடந்தியே, நானும் பாத்தேன். பேரனுக்குச் சாமி வந்துடுச்சுன்னு உங்க பாட்டி சூடம் தேடப் போயிட்டா. ‘சாமி இல்லடி, சர்வே’ன்னு சொல்லி உக்கார வெச்சேன்.

அது போகட்டும். மேலக் கொல்லைப் பங்காளிகிட்டப் போயி, ‘சித்தப்பா, உங்க கிணறு எங்க நிலத்துல இருக்குது’ன்னு சொன்னியாமே? ஓசூர் கம்பெனியில உனக்கு இவ்வளவு மரியாதையாப் பேசக் கத்துக் குடுத்தவங்க நல்லா இருக்கணும். அந்தக் கிணறு வெட்டினது உங்கப்பன் பொறக்கறதுக்கு முந்தி. தருமபுரிப் பாறையைக் குடைஞ்சு வெட்டின கிணறு ராத்திரியோட ராத்திரியா நகந்து நம்ம கொல்லைக்கு வராது கண்ணு. நகந்தது உன் போன் வரைபடத்துல தெரியற நீலப் புள்ளி.

கோவிச்சுக்காத. நீ காட்டின அட்சரேகை எண்ணை நானும் பாத்தேன். பன்னெண்டு போட்டு, ஒரு புள்ளி வெச்சு, அதுக்கு அப்பால ஏழு எண். எனக்கே கண்ணு கூசுச்சு. ஆனா ஒண்ணு கேக்கறேன், சொல்லு. அந்த ஏழுல எத்தனை நெசம், எத்தனை அலங்காரம்?

நாலாவது எண் ஒண்ணு மாறினா நெலத்துல 11 மீட்டர். அஞ்சாவது மாறினா ஒரு மீட்டர் சொச்சம். ஆறாவது மாறினா 11 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. ஏழாவது மாறினா ஒரு விரல் அகலம் கூட இல்ல. உன் போனோ, தலைக்கு மேல திறந்த வானம் இருந்தாலே அஞ்சு மீட்டர் முன்னப்பின்ன நிக்கிற ஆளு. அப்போ நாலாவது எண் வரைக்கும்தான் மாப்பிள்ளை. அதுக்கு அப்பால நிக்கிறது பூராவும் மாப்பிள்ளைத் தோழனுங்க. சந்தனம் பூசிக்கிட்டு நிப்பானுங்க, தாலி கட்ட மாட்டானுங்க.

இந்த வியாதி உனக்கு மட்டும் வந்ததில்ல. ராசராசன் காலத்துலயே இருந்திருக்குது. தஞ்சாவூர்க் கல்வெட்டுக் கணக்குல, ஒரு வேலி நிலத்தை 5,242 கோடியே 88 லட்சம் பங்காப் போட்டு, அதுல ஒரு பங்கு வரைக்கும் பின்னம் எழுதி வெச்சிருக்காங்க. இன்னிக்கு வேலின்னா ஆறே முக்கால் ஏக்கர் பக்கம். வகுத்துப் பாரு, கேழ்வரகு மணி உக்காரக் கூட அதுல எடம் பத்தாது. எந்தக் கோலை வெச்சுடா அதை அளப்பான்? அளந்தது கோலு, பின்னம் வந்தது கணக்குப்பிள்ளை எழுத்தாணியில. உன் ஏழாவது எண்ணும் அதே எழுத்தாணிதான், கண்ணாடிக்குள்ள இருக்குது, அவ்வளவு தான் வித்தியாசம்.

சரி, அஞ்சு மீட்டர்னா பெருசான்னு கேப்ப. நம்ம மேல வரப்பு 300 அடி நீளம். அஞ்சு மீட்டர்ங்கிறது பதினாறு அடிக்கும் மேல. 300 அடி வரப்பைப் பதினாறு அடி தள்ளிப் போட்டா 4,800 சதுர அடி, அதாவது 11 சென்ட். ஒத்தை அடி தள்ளினாலே முக்கால் சென்டுக்குப் பக்கம். 11 சென்டுக்கு நம்ம ஊர்ல என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது. கோர்ட்டுல ரெண்டு தலைமுறை ஆகும்.

உன் போனு பொய் சொல்லுதுன்னு நான் சொல்லல. அது பாவம், அதோட பொழப்பைப் பாரு. தலைக்கு மேல 20,000 கிலோமீட்டர் உசரத்துல சுத்தற செயற்கைக்கோளுங்க அனுப்பற ரேடியோ சத்தத்தை இது கேக்குது. எப்போ கிளம்புச்சு, எப்போ வந்து சேந்துச்சுன்னு நேரத்தைக் கழிச்சுத்தான் தூரம் கண்டுபிடிக்குது. ஒரு செகண்டை நூறு கோடித் துண்டு போட்டா, ஒரு துண்டு நேரத்துல, ஒளி வேகத்துல வர்ற அந்தச் சத்தம் ஓர் அடி ஓடிடும். நேரக் கணக்குல ஒரு துண்டு பிசகினா நெலத்துல ஓர் அடி பிசகு. நீ பஸ்ஸுக்கே அரை மணி நேரம் பிந்திப் போற ஆளு, உன் கையில இப்படி ஒரு கடிகாரக் கணக்கு!

முன்னெல்லாம் இன்னும் மோசம். அமெரிக்காக்காரன் ராணுவத்துக்கு ஒரு கணக்கு, ஊருக்கு ஒரு கணக்குன்னு வெச்சு, ஊருக்கு விட்டதுல வேணும்னே தப்பைக் கலந்து வெச்சிருந்தான். நூறு மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். 2000-ம் வருசம் மே மாசம் தொடக்கத்துலதான் கிளின்டன் அதை நிறுத்தச் சொன்னாரு. பால்காரன் தண்ணி ஊத்தறதை நிறுத்திட்டான், சரி. ஆனா மாடு தின்ன தீனிக்கு ஏத்த பால்தானே வரும்?

நீ எங்க நின்னு பிடிச்ச, அதைச் சொல்லு மொதல்ல. புளியமரத்து நெழல்ல. வெயிலுக்கு இதமாத்தான் இருந்திருக்கும். ஆனா எலைக்கும் கிளைக்கும் நடுவுல வர்ற சத்தம் நலிஞ்சு போகும். பக்கத்துலயே ஆள் உசரத்துக்குப் பாறை. சின்னப் புள்ளையில அந்தப் பாறை முன்னாடி நின்னு ‘ஓய்’னு கத்துவியே, அது திருப்பி ‘ஓய்’னு சொல்லுமே, ஞாபகம் இருக்குதா? வானத்துச் சத்தத்துக்கும் அதே கதிதான். நேரா வந்தது ஒண்ணு, பாறையில மோதி வந்தது ஒண்ணு. உன் போனு ரெண்டையும் சேத்துக் கேட்டுட்டுக் கெழவன் மாதிரித் தடுமாறுது. தகரக் கொட்டாயும் அப்படித்தான் செய்யும்.

அப்புறம் நேரம். காலையில பூரா வரப்பைச் சுத்திட்டு, எண்ணைப் பிடிக்க மத்தியானம் ரெண்டு மணிக்குப் போயி நின்ன. வெயில் ஏற ஏற, மேல வானத்துல மின்சாரம் ஏறின துகள் பெருகிப் போகும். அதுக்குள்ள புகுந்து வர்ற சத்தம் தாமசமாகும். பூமியோட காந்த நடுக்கோடு நம்ம தென்னாட்டு ஓரமாத்தான் போகுது, அதனால இந்தத் தொல்லை நமக்குக் கொஞ்சம் அதிகம். பொழுது சாஞ்ச பின்னாடியும் அந்த வானம் சீக்கிரம் அடங்காது. களி தின்னுட்டுக் காலையில போ. உழவனுக்கும் காலைதான் நல்லது, உன் போனுக்கும் காலைதான் நல்லது.

இன்னொண்ணு. திருடன் எந்தப் பக்கம் ஓடினான்னு ஒரே தெருக்காரங்க நாலு பேரைக் கேட்டா, நாலு பேரும் ஒரே பக்கம்தான் கையைக் காட்டுவாங்க. நாலு தெருவுல நாலு பேரைக் கேளு, அப்போதான் ஆள் அகப்படுவான். செயற்கைக்கோளும் அப்படியே. வானத்துல ஒரே மூலையில குமிஞ்சு கெடந்தா எண்ணிக்கை எத்தனை இருந்தும் பிரயோசனம் இல்ல. பரவி நிக்கணும்.

‘அப்போ உங்க காலத்துச் சங்கிலி மட்டும் என்ன யோக்கியம்’னு மனசுல கேக்கற. வாயில கேக்க மாட்ட, பென்சன் பணம் என்கிட்ட இருக்குது. கேளு, சொல்றேன். 1979-ல இருந்து 1987 வரைக்கும் தமிழ்நாடு பூராவும் நிலப் பதிவேட்டைப் புதுப்பிக்கற யூ.டி.ஆர். நடந்துச்சே, அப்போ நான் சர்வேயர் பின்னாடி சங்கிலி பிடிச்சவன். சங்கிலி ஒண்ணுக்கு 66 அடி, நூறு லிங்க். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட், நூறு சென்ட் ஒரு ஏக்கர். அந்தக் கணக்குதான் இன்னிக்கும் உன் வாயில ‘சென்ட் என்ன வெலை’ன்னு வருது.

சங்கிலியும் பொய் சொல்லும் கண்ணு. இழுத்து இழுத்து வளையம் விரியும். வெயில்ல நீளும். காலைக் குளிருக்கும் மத்தியான வெயில்ல காயற இரும்புக்கும் இருபது டிகிரி வித்தியாசம் வந்தா, ஒரு சங்கிலிக்கு அஞ்சு மில்லிமீட்டர் ஏறும். பத்துச் சங்கிலி போட்டா அஞ்சு சென்டிமீட்டர். வத்தல்மலை அடிவாரம் மாதிரிச் சரிவுல தரையோட ஒட்டிப் போட்டா இன்னும் வேடிக்கை. பத்து டிகிரிச் சரிவுல ஒரு சங்கிலிக்கு ஓர் அடி சும்மா கூடும். அதனாலதான் சரிவுல சங்கிலியைக் கிடையாத் தூக்கிப் பிடிச்சு, குண்டுநூல் விட்டு, படி படியா எறங்குவோம். இடுப்பு ஒடிஞ்சு போகும். ஆனா எது எவ்வளவு பொய் சொல்லும்னு எங்களுக்குத் தெரியும். வித்தையே அதுதான். பொய் சொல்லாத கருவியைத் தேடாத. எவ்வளவு பொய் சொல்லும்னு தெரிஞ்ச கருவியைக் கையில வெச்சுக்கோ.

லாம்டன்னு ஒரு வெள்ளைக்காரன் இருந்தான். 1802 ஏப்ரல் 10-ம் தேதி பரங்கிமலைப் பக்கம் ஒரு கோடு அளக்க ஆரம்பிச்சான். மொத்தம் ஏழரை மைல். நீ போனைக் கையில பிடிச்சுக்கிட்டு வண்டியில இருபது நிமிசத்துல போயிடுவ. அவனுக்கு 57 நாள் ஆச்சு. சங்கிலி வெயில்ல நீளும்னு கூடாரம் போட்டு, பக்கத்துல வெப்பமானி வெச்சு, எத்தனை டிகிரியில அளந்தோம்னு எழுதி எழுதிக் கழிச்சான். அந்த ஒத்தைக் கோட்டு மேல முக்கோணம் முக்கோணமாக் கட்டிக்கிட்டே போயித்தான் பின்னால இமயமலை வரைக்கும் அளந்தாங்க. அடிக்கோடு பிசகினா அத்தனையும் பிசகும்னு அவனுக்குத் தெரியும்.

1808-ல தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்து மேல அவனோட கோணம் அளக்கற கருவியைக் கயித்துல கட்டி ஏத்தினாங்க. அரை டன் கனம். கயிறு அறுந்து சுவத்துல மோதிடுச்சு. வேற ஆளா இருந்தா ‘பாக்க நல்லாத்தான் இருக்குது’ன்னு தொடச்சு எடுத்துட்டு அளந்திருப்பான். லாம்டன் கூடாரத்துக்குள்ள போயி ஆறு வாரம் உக்காந்து, கோணிப் போன வட்டத்தைக் கையால சரி பண்ணிட்டுத்தான் வெளிய வந்தான். நீ மூணு தடவை கீழ போட்ட போனை வெச்சுப் பங்காளி கிணத்தை அளக்கற.

நம்ம ஊருக்கும் இதுல பங்கு இருக்குது. 1792-ல திப்புகிட்ட இருந்து நம்ம சீமையான பாராமகால் கும்பினிக்காரன் கைக்குப் போனதும், அலெக்சாண்டர் ரீடு வந்தான், அவன் கீழ தாமஸ் மன்றோ வந்தான். 1799 வரைக்கும் மன்றோ இந்தப் பக்கம்தான் கொல்லை கொல்லையா அளந்து வரி போட்டுக்கிட்டு இருந்தான். ஜமீன்தார் நடுவுல இல்லாம உழவன் பேர்லயே வரி எழுதற ரயத்துவாரி இங்கதான் உருண்டு திரண்டுச்சு. தருமபுரியில அவன் பேர்ல ஒரு தூண் இன்னும் நிக்குது. நீ அது பக்கத்துல நின்னு டீ குடிச்சிருப்ப, யாருதுன்னு கேட்டிருக்க மாட்ட.

இப்போ விசயத்துக்கு வா. உன்கிட்ட இருக்கற புலப்படத்தை விரி. இதுல என்ன எழுதியிருக்குது? இந்தக் கல்லுல இருந்து அந்தக் கல்லுக்கு இத்தனை, நடுக்கோட்டுல இருந்து வரப்பு மூலைக்குக் குறுக்க இத்தனை. அவ்வளவுதான். அட்சரேகை எங்க? தீர்க்கரேகை எங்க? ஒண்ணும் கெடையாது. புலப்படத்துக்குக் கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள சொந்தம்தான் தெரியும். வானத்துல இருந்து பாத்தா இந்தக் கொல்லை எங்க இருக்குதுன்னு அதுக்குத் தெரியாது. ஒவ்வொரு புல எண்ணும் தனித்தனியா அளந்தது. பக்கத்துப் பக்கத்துப் படத்தை ஒட்டிப் பாரு, ஓரம் எங்கயாச்சும் முட்டும், எங்கயாச்சும் எளிக்கும். உன் போனுக்கோ வானம்தான் தெரியும், கல்லைத் தெரியாது. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது, நீ நடுவுல கல்யாணம் பேசி முடிக்கற. போதாக்குறைக்குப் போனுல தெரியற கொல்லைப் படமே நாலஞ்சு மீட்டர் தள்ளி ஒட்டியிருக்கலாம்.

தரகு வேலைக்கு ஒரு வழி இருக்குது. பாலக்கோட்டுத் தக்காளி மண்டியை நெனச்சுக்கோ. தராசு மேல சந்தேகம் வந்தா என்ன பண்ணுவ? எடை தெரிஞ்ச ஒரு கிலோ படிக்கல்லைத் தட்டுல வெப்ப. 950 கிராம் காட்டுதுன்னா, கிலோவுக்கு 50 கிராம் முழுங்குதுன்னு தெரிஞ்சு போச்சு. அப்புறம் எந்தக் கூடையை வெச்சாலும் அந்தக் கணக்கைச் சரி பண்ணிக்கலாம். அதேதான் இங்கயும். இருக்கற எடம் ஏற்கெனவே துல்லியமாத் தெரிஞ்ச ஒரு புள்ளியில ஒரு கருவியை நிறுத்தி வை. அது எவ்வளவு தள்ளிக் காட்டுதுன்னு பாரு. பக்கத்துல இருக்கற இன்னொரு கருவியும் அதே வானத்தைத்தான் பாக்குது, கிட்டத்தட்ட அதே தப்பைத்தான் பண்ணும். இதோட தப்பை அதுல கழி. மீட்டர்ல இருந்த பிசகு சென்டிமீட்டருக்கு வந்துடும். நின்ன கருவிக்கு பேஸ், நடக்கற கருவிக்கு ரோவர்.

இந்தியா பூராவும் சர்வே ஆஃப் இந்தியா இப்படி ஓயாம நிக்கிற நிலையங்களை ஆயிரத்துக்கும் மேல நட்டு வெச்சிருக்குது. கோர்ஸ்னு பேரு. சர்வேயர் கம்பத்து மேல குடை மாதிரி ஒண்ணை மாட்டிக்கிட்டு வந்தா, அது அந்த நிலையத்துக் கணக்கைக் காத்து வழியாவே வாங்கிக்கும். நீயும் ஒரு குடை வாங்கலாம்னு நெனைக்காத. பேஸ் நிக்கிற புள்ளியே தப்பா இருந்தா, ரோவர் போன எடமெல்லாம் அதே தப்பு, ஒண்ணு போல, அழகா, சென்டிமீட்டர் சுத்தமா வரும். தப்பான படிக்கல்லை வெச்சு மண்டி பூரா நியாயம் பண்ணின மாதிரி.

பழைய வரைபடத்து எண்ணைக் கொண்டாந்து புதுக் கருவியில போடற வேலையும் வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்து வரைபடம் எவரெஸ்ட்னு ஒருத்தன் போட்ட பூமி உருவத்து மேல வரைஞ்சது, ஜி.பி.எஸ். வேற உருவத்து மேல நிக்குது. அதே எண், ஆனா எடம் நூறு மீட்டருக்கும் மேல தள்ளிப் போகும். மாத்திப் போடக் கணக்கு இருக்குது, அது தெரிஞ்சவன் போடட்டும். உசரமும் அப்படித்தான். கருவி சொல்ற சொந்த உசரத்துக்கும் கடல் மட்டத்துல இருந்து எடுக்கற உசரத்துக்கும் நம்ம பக்கம் ஏறக்குறைய 90 மீட்டர் வித்தியாசம். அதை நம்பி ஏரிக்கு வாய்க்கா வெட்டினா, தண்ணி மேல ஏறிப் போகணும்.

ஆக, தாத்தன் சொல்றதைக் கேட்டுக்கோ. காலையில போ. திறந்த வானத்துல நில்லு. ஓடற ஓட்டத்துல ஒரு எண்ணைப் பிடிச்சு எழுதாத, நின்னு நிதானமாப் பிடி. சாயங்காலம் இல்ல மறுநாள் அதே கல்லுக்குத் திரும்பி வந்து இன்னொரு தடவை பாரு. கிளம்பின கல்லுக்கே வந்து சேந்தப்போ எண் எவ்வளவு மாறியிருக்குதோ, அதுதான் உன் யோக்கியதை. ஏழு எண்ணை எழுதாத, உனக்கு நெசமாத் தெரிஞ்ச எண்ணை மட்டும் எழுது. அதுக்குப் பக்கத்துல ‘இவ்வளவு பிசகலாம்’னும் எழுது. பிசகை எழுதி வெச்ச எண்ணைத்தான் நம்பலாம். போனை வெச்சுக் கல்லைத் தேடலாம், ‘இந்தப் பதினேழு அடிக்குள்ள தோண்டு’ன்னு அது சொன்னா கேட்டுக்கலாம். புதுக் கல்லு நடணும்னா பணம் கட்டி மனுப் போட்டு, பங்காளிக்கும் நோட்டீசு குடுத்து, சர்வேயரை வெச்சு நடு. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு பெரியவங்க சொன்னாங்க, அடுத்தவன் கிணத்துல போட்டு அளன்னு சொல்லல.

கடைசியா, கல்லு. நம்ம ஜில்லாவுல கல்லுக்குப் பஞ்சமா? மாடு மீக்கப் போயிச் செத்தவனுக்கெல்லாம் நடுகல் வெச்ச ஊரு இது. தருமபுரி அகழ்வைப்பகத்துல போயிப் பாரு, வில்லும் கத்தியுமா வரிசையா நிக்கறாங்க. ஆயிரம் வருசத்துக்கு முந்தி நட்ட கல்லு எழுத்தோட இருக்குது. நேத்து நட்ட சர்வே கல்லு எங்க? 1923-ம் வருசத்து நில அளவை எல்லைகள் சட்டம் என்ன சொல்லுது தெரியுமா? உன் நிலத்து எல்லைக் கல்லைப் பராமரிக்க வேண்டியது உன் பொறுப்பு. பிடுங்கினா தண்டனை.

நம்ம மேல மூலைக் கல்லு மட்டும் எங்கடா போச்சுன்னு காலையில இருந்து தேடற. இதுக்குத்தான் உன்னை இவ்வளவு நேரம் உக்கார வெச்சுப் பேசினேன், நேராச் சொல்ல எனக்குக் கூச்சம். பின்னாடி தொட்டிப் பக்கம் போயி, உங்க பாட்டி துணி தொவைக்கிற கல்லைப் புரட்டிப் பாரு. தலையில உளிக்குறி இருக்கும். எங்கப்பன் ஏர் ஓட்டும்போது கொழு இடிக்குதுன்னு பிடுங்கிப் போட்டது. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், வாயத் தொறக்கல. வானத்துல அத்தனை செயற்கைக்கோள் சுத்துது, ஒண்ணாலயும் அந்தக் குழி எங்க இருந்துச்சுன்னு இப்போ சொல்ல முடியாது.

எழுந்திரு. முதல்ல போயி உங்க சித்தப்பன்கிட்ட மன்னிப்புக் கேளு. அப்படியே கீழ மூலைக் கல்லும், மூணு எல்லை கூடற முச்சந்திக் கல்லும் எங்க இருக்குதுன்னு அவனைக் கேளு, அவன் பிடுங்கல. அங்க இருந்து அளந்தாத்தான் நம்ம மூலை கெடைக்கும்.